அட்ஜஸ்ட் அக்கா உட்கார்ந்த கதை

‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? நினைவிருக்கிறதா? உங்கள் மேலதிகாரியிடமா? குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடமா? இருக்காது. உங்களை எதிர்த்துப் பேச முடியாத யாரோ ஒருவரிடம்தான் சொல்லியிருப்பீர்கள். பந்தயமே கட்டலாம்.

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வாயில் குடியேறிய சொற்களில் இதற்கு இருக்கிற செல்வாக்கு வேறு எதற்கும் கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் இதைத் தடுமாறாமல் சொல்வார்கள். பிறந்த இடத்தில் அது நல்ல சொல்தான். ஆளுக்கு ஏற்றபடி பொருளைத் திருத்தி வைப்பதற்கு அந்தப் பெயர். கால் எட்டாதவருக்காக சைக்கிள் சீட்டை இறக்குவது அட்ஜஸ்ட். மூக்கை அழுத்துகிற கண்ணாடியை வளைத்துத் தருவது அட்ஜஸ்ட். நம் வீட்டுக்குள் வந்த பிறகு அது பொருளை விட்டுவிட்டு ஆளை வளைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் இருக்கையில் மூன்றாவது ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சொல்வார். கூரை ஒழுகுகிறது என்றால் வீட்டுக்காரர் சொல்வார். புருஷன் கை நீட்டுகிறான் என்று அழுதுகொண்டு வந்த மகளிடம் பெற்ற தாயே சொல்வாள். சொல்கிறவர் ஒரு அங்குலம்கூட நகர மாட்டார். கேட்கிறவர்தான் நகர வேண்டும்.

இது அந்தச் சொல்லையே பெயராக வாங்கிக்கொண்ட ஒருத்தியின் கதை.

பெரிய துணிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை எல்லாம் அந்த மாடியில். சேர்ந்த முதல் நாள் அவளுக்குக் கொடுத்த சீருடைக் கோட்டுக்குள் இன்னொருத்தியும் நுழையலாம். “அளவு பெருசா இருக்கேம்மா” என்று கொடுத்தவரே சங்கடப்பட்டபோது, “பரவால்ல சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று கையை மடித்து விட்டுக்கொண்டாள். சாப்பாட்டு அறையில் பெஞ்சு நிறைந்திருந்தது. “நீங்க உக்காருங்க, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்று ஜன்னல் விளிம்பில் டப்பாவை வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். சாயங்காலம் ஆவதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. அன்று முதல் அவள் அட்ஜஸ்ட் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதையும் அவள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள்.

வேலையில் கெட்டிக்காரி. விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து ஒரே உதறு உதறினால் கவுண்டர் மேல் சுருக்கமில்லாமல் போய்ப் படுக்கும். ‘பார்த்துட்டு வரோம்’ என்று கிளம்புகிற ஆளைக்கூட இன்னும் ஒரு விரிப்பு உதறும் நேரத்துக்கு நிறுத்தி வைப்பாள். அந்த ஒரு விரிப்பு பெரும்பாலும் பில்லுக்குப் போய்விடும்.

ஊழியர்கள் ஏறும் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு பலகை தொங்கியது. ‘பணி நேரத்தில் அமரக் கூடாது.’ காரணம் எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை சாப்பாட்டு நேரம் தவிர விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் குஷன் வைத்த இரண்டு ஸ்டூல்கள் உண்டு. அவை வாடிக்கையாளருக்கு. மத்தியானம் முழுக்க அந்த ஸ்டூல்கள் காலியாக இருக்கும். எதிரே நாலு பெண்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். இரண்டு மரக்கட்டைகளுக்கு இருந்த மரியாதை நாலு மனுஷிகளுக்கு இல்லை.

“எல்லாம் நம்ம தலையெழுத்துக்கா” என்பாள் பக்கத்தில் நிற்பவள். ஊர் வம்பு எதுவும் அவளைத் தாண்டிப் போகாது என்பதால் அவளுக்கு வம்பு என்றே பெயர்.

தலையெழுத்தைப் பலகையில் எழுதி ஆணி அடித்து மாட்ட முடியுமா? அந்தப் பலகையை எழுதியவருக்குக் கூலி கொடுத்து ரசீது வாங்கியிருப்பார்கள். மனிதன் எழுதினதை மனிதன் அழிக்கலாம். ஆனால் அக்காவுக்கு அப்போது அந்த யோசனையெல்லாம் இல்லை. அவளுக்கு ஒரு கீழ்த்தட்டு இருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை அலமாரித் தட்டுகள். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் தட்டில் தலையணை உறைகள். அதை அடுக்க வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கூரையில் இருக்கும் கேமராவுக்குக் கவுண்டரின் மேல்பக்கம்தான் தெரியும். இந்த உண்மையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருத்தி, “நான் கீழ்த்தட்டுக்குப் போறேன்” என்பாள். இரண்டு உறைகளை உருவி மடியில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, உலகத்திலேயே மெதுவாக மடிப்பாள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவள், “போதும், எழுந்திரு. இப்ப என் முறை” என்பாள். மற்றவர்களின் காது படிக்கட்டுப் பக்கமே இருக்கும். சூப்பர்வைசர் எப்போதும் இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தோடு நடப்பார். அவர் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வந்துவிடும்.

இப்படி நாலு பேர் நாள் முழுக்க முறை வைத்து அடுக்கியதில் அந்தக் கீழ்த்தட்டு கடையிலேயே அழகான தட்டாக ஆகிவிட்டது. தளக்கல் பதித்த மாதிரி விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கும். வாங்க வருபவர்களின் கண்ணில் படாத இடத்தில் அப்படி ஒரு அழகு.

அக்காவுக்குக் கீழ்த்தட்டு மருந்தும்கூட. இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டு பச்சையாகப் புடைத்திருந்தன. சாயங்காலம் செருப்பின் வார் சதைக்குள் புதைந்து போகும். வைத்தியம் பார்த்த டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரே இடத்துல நிக்காதீங்க. நடுநடுவுல உக்காந்து காலை நீட்டுங்க. இல்லன்னா இது புண்ணாகும். புண்ணாச்சுன்னா வேலையை விட்டுட்டு வீட்டுலதான் இருக்கணும்.”

“உக்காரவே கூடாதுன்னு ரூலுங்க.”

“அப்படியா?” டாக்டரம்மா அடுத்த நோயாளியின் அட்டையை எடுத்தபடி சொன்னார். “ஏதாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

வீட்டில் அவள் புருஷனுக்கு நேர் எதிரான கஷ்டம். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். இருவரும் வேலை முடிந்து வந்து சேர்ந்தால், அவர் சுவரோரம் போய் நிமிர்ந்து நிற்பார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போடுவாள்.

“உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு” என்பார் அவர்.

“நின்னு நின்னு எனக்குக் காலே போச்சு.”

“பேசாம நாளைக்கு வேலையை மாத்திக்கலாமா? நீ வேனை எடுத்துட்டுப் போ. நான் போய்த் துணியை உதறுறேன்.”

“உதறுவீங்க. இங்க உங்க லுங்கியை மடிச்சு வைக்கவே நான்தான் வேணும்.”

சிரித்துக்கொண்டே எண்ணெய் எடுத்து வந்து அவள் காலைத் தேய்த்து விடுவார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களிடமும் அந்தச் சொல் இருக்கிறது. “நமக்கு இந்த வேலை முக்கியம்மா. ஏதோ அந்தக் கீழ்த்தட்டு இருக்குல்ல? அப்படியே அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டு.”

ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். முதலாளி மாடி ஏறி வருகிறவரை.

முதலாளி தன் அறையை விட்டு அதிகம் வெளியே வராதவர். அன்று ஒவ்வொரு மாடியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். மேல் தட்டுகள் கலைந்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். சூப்பர்வைசர் பதறிப்போய், முதலாளியின் கவனத்தைத் திருப்ப வேண்டுமே என்று கவுண்டருக்குள் அழைத்துப் போய்க் கீழே கையைக் காட்டினார்.

“சார், இதைப் பாருங்க. நம்ம பொண்ணுங்க எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க!”

முதலாளி குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அட! இவ்வளவு அழகா இருக்கிறதை யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கீங்களே? கவுண்டரோட கீழ்ப்பலகையை எடுத்துட்டு, தட்டுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே லைட் வைங்க. கஸ்டமர் பார்க்கட்டும். பூட்டிடுங்க. இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. விக்கிறதுக்கு வேற ஸ்டாக் மேல வெச்சுக்கலாம்.”

நாலு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி பாராட்டிவிட்டுத்தான் போனார். அந்தப் பாராட்டுக்குக் கைதட்டத்தான் யாருக்கும் தெம்பில்லை.

“எல்லாம் உன்னாலதான்க்கா” என்றாள் வம்பு. “அப்பப்ப கொஞ்சம் கலைச்சு விட்டிருக்கலாம். நீ என்னடான்னா கலர் பார்த்து வேற அடுக்கின.”

கதவு வந்தது. விளக்கு வந்தது. கவுண்டரின் கீழ்ப்பலகை போனதால் மறைவும் போனது. வம்பு விடவில்லை. கண்ணாடியில் தூசி படுகிறது, தினமும் உட்கார்ந்து துடைக்க வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசரிடம் விண்ணப்பம் போட்டாள். மறுநாள் அவர் தானே ஒரு நீளமான கைப்பிடி வைத்த துடைப்பானைக் கொண்டு வந்து கொடுத்தார்.

“பாவம், குனிஞ்சு கஷ்டப்படாதீங்கம்மா. நின்னுக்கிட்டே துடைக்கலாம்.”

உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அவர் போன பிறகு நாலு பேரும் சிரித்த சிரிப்பில் வம்புவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேல் தோல் கருத்து, ஒரு இடத்தில் மெழுகு மாதிரி மினுமினுத்தது. புண் எந்த இடத்தில் திறக்கப் போகிறது என்று அது விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் ஒரு காலில் மாறி மாறி நின்று பார்த்தாள். கவுண்டரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். கழிப்பறைக்கு அடிக்கடி போனாள். அதற்கும் ஒரு நாள், “என்னம்மா, உடம்பு சரியில்லையா? வேணும்னா லீவு எடுத்துக்கோங்களேன்” என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் மாடியில் வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. அக்கா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். குஷன் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். இன்னொரு ஸ்டூலை இழுத்துக் காலை அதன் மேல் நீட்டிக்கொண்டாள்.

“அக்கா! பைத்தியமா உனக்கு? கேமரா!” என்று வம்பு பல்லைக் கடித்தாள்.

“பார்க்கட்டும்.”

படிக்கட்டில் சாவி குலுங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா இது?” சூப்பர்வைசர் அதட்டக்கூட மறந்துபோய்க் கேட்டார்.

“உக்காந்திருக்கேன் சார்.”

“அது தெரியுது. எழுந்திருங்க. கஸ்டமர் வந்தா என்ன நினைப்பாங்க?”

“வந்தா எழுந்திருப்பேன் சார். எழுந்து எடுத்துக் காட்டுறது என் வேலை. யாருமே வராதப்ப நிக்கிறது என்ன வேலை?”

பதில் இல்லாதபோது எல்லோரும் எடுக்கிற சொல்லை அவரும் எடுத்தார். “எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறாங்கல்லம்மா? நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?”

அவள் காலைக் கீழே இறக்கி, சீருடையை லேசாக உயர்த்திக் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

“முதலாளி கேமராவுல பார்த்துட்டு உங்களைக் கூப்பிட்டார். வாங்க” என்றார் மெல்ல.

முதலாளியின் அறையில் சுழலும் நாற்காலி ஒன்று இருந்தது. முதுகுக்கு ஒரு பிடி, உயரத்துக்கு ஒரு பிடி, கைக்கு ஒரு பிடி. உட்காருகிறவருக்கு ஏற்றபடி எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசரும் நின்றார்.

“கடைக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா” என்றார் முதலாளி. கத்துகிறவர் இல்லை அவர். “வர்றவங்க முன்னாடி நீங்க கால் நீட்டி உக்காந்திருந்தா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?”

“நாங்க ரொம்ப நாளா உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கோம் சார்.”

“என்னது?”

“நீங்க கண்ணாடி போட்டீங்களே, அந்தக் கீழ்த்தட்டு. அது அவ்வளவு அழகா இருந்ததுக்குக் காரணமே நாங்க அங்க முறை வெச்சு உக்காந்ததுதான். நீங்க பூட்டுற வரைக்கும் தினமும் உக்காந்தோம். அதனால எங்க மாடியில வியாபாரம் குறைஞ்சுதா சார்? நீங்களே சொல்லுங்க.”

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் சாவிக்கொத்தைப் பார்த்தார். கேள்வி நியாயமானது. சோதித்துப் பார்த்தாகிவிட்டது, விடையும் வந்தாகிவிட்டது. நின்றால்தான் விற்கும் என்பது யாரும் சரிபார்க்காத ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான். சரிபார்க்காத நம்பிக்கைகளின் பாரம் அவற்றை உண்டாக்கியவர்களின் காலில் ஒருபோதும் இறங்குவதில்லை.

“உங்களைப் போய் எல்லாரும் அட்ஜஸ்ட் அக்கான்னு சொல்றாங்க” என்றார் முதலாளி, கொஞ்சம் கசப்பாக.

“இத்தனை வருஷம் நாங்க பண்ணிட்டோம் சார்” என்றாள் அவள். குரல் உயரவில்லை. வம்புவிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள். “இப்ப உங்க முறை.”

நாற்காலி ஒரு சுற்று சுற்றி நின்றது.

“நாளைக்கு வேலைக்கு வரணுமா வேண்டாமான்னு சாயங்காலம் சொல்றேன். போங்க.”

படி ஏறும்போதே, வேலை போனால் புருஷனிடம் என்ன சொல்வது என்று மனசு ஓடியது. பின்னால் வந்த சூப்பர்வைசர், யாருக்கும் கேட்காத குரலில், “எனக்கும் முட்டி வலிக்குதும்மா” என்றார். சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அது சத்தம் போடவில்லை.

மாடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்து, மற்ற மூன்று பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நீட்டிய கால்கள். ஆளுக்கொரு துண்டை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா பார்க்கிற?” என்றாள் வம்பு. “உக்காரு. இனிமே முறையெல்லாம் கிடையாது. எல்லாரும் ஒண்ணா உக்காரலாம்.”

அக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திரைச்சீலை வாங்க ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு ஏறி வந்தார். நாலு பேரும் பழக்கத்தில் துள்ளி எழப் போனார்கள்.

“ஐயோ, இருங்கம்மா, எல்லாரும் எதுக்கு எழுந்திருக்கீங்க?” என்றார் அவர். “நான் முதல்ல கலரைப் பார்க்கிறேன். வேணும்னா கூப்பிடுறேன்.”

பார்த்தார். கூப்பிட்டார். அக்கா எழுந்து போய் நீலத் திரைச்சீலையை ஒரே உதறில் விரித்துக் காட்டினாள். ஜன்னலுக்குக் கேட்டு வந்தவர் வாசலுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். படிக்கட்டு வளைவில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர்கள் அப்புறம்தான் கவனித்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். சாயங்காலமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவள் மறுநாளும் வேலைக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. ஆள் இல்லாதபோது மட்டும் உட்காரலாம் என்று சூப்பர்வைசர் அறிவித்தார். ஐந்தாவதாக ஒன்றை அவர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தனக்கென்று போட்டுக்கொண்டார். வம்பு தன் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“சாய முதுகே இல்லையேக்கா இதுக்கு?”

“நமக்கு இருக்குல்ல, போதும். உக்காரு” என்றாள் அக்கா.

கால் உடனே குணமாகிவிடவில்லை. ஆனால் மினுமினுத்த தோல் புண்ணாகாமல் நின்றது. வேலை கையில் இருக்கிறது. புருஷன் வேன் சீட்டுக்கு முதுகுப் பலகை வேண்டும் என்று தன் கம்பெனியில் கேட்டிருக்கிறார். “உங்க முதலாளி உனக்கு எங்க தரப் போறார்னு முதல்ல நினைச்சேன். அவரே தந்துட்டாரே, எங்க கம்பெனி தராதா?” என்றாராம்.

ஆனாலும் இந்தக் கதையை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஸ்டூல் வந்தது இரண்டாம் மாடிக்கு மட்டும். முதல் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் பெண்கள் இன்னும் நிற்கிறார்கள். படிக்கட்டுப் பலகை இன்னும் தொங்குகிறது. எதிர்வரிசைக் கடைகளில் கீழ்த்தட்டுகூட கிடையாது. அங்கே நிற்கிற எல்லோருக்கும் அந்தச் சொல்லைத்தான் கொடுத்திருக்கிறார்கள், நாற்காலிக்குப் பதிலாக.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை துணி வாங்கப் போகும்போது உங்களுக்கு ஸ்டூல் போடுவார்கள். உட்காருவதற்கு முன்னால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், நிற்கிற பெண்ணை விட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கேளுங்கள்: ‘இவங்களுக்கு ஸ்டூல் எங்கே?’ அவர் சிரித்துக்கொண்டே, அவங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க என்பார். விடாதீர்கள். பில் போடுவதற்கு முன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.